சுத்தமான நாற்பது புத்தகங்கள்

வில்ஃப் மாமா இறந்த பிறகு அவர் வீட்டைக் காலி செய்ய ஒரு ஆளைக் கூப்பிட்டோம். கட்டில், மேசை, துணி அலமாரி, ஓடாத சுவர்க் கடிகாரம் எல்லாவற்றையும் வேனில் ஏற்றினான். புத்தக அலமாரியையும் எடுத்துக்கொண்டான். அதிலிருந்த புத்தகங்களை மட்டும் தரையில் அடுக்கிவிட்டு, "இதை யாரும் தொட மாட்டாங்கம்மா" என்றான். சும்மாவாவது எடுத்துப் போகச் சொன்னாள் அம்மா. வேனில் இடம் இல்லை என்றான். பாதி வேன் காலியாக இருந்ததை நாங்கள் இருவருமே பார்த்தோம்.

இப்போது அவை எங்கள் வீட்டு வாசல் நடையில், சூப்பர் மார்க்கெட்டில் கேட்டு வாங்கிய வாழைப்பழப் பெட்டிகளில் கிடக்கின்றன. ஈஸ்டருக்குள் எடுத்துவிட வேண்டும் என்கிறாள் அம்மா. எங்கே எடுத்துப்போவது என்று அவளும் சொல்லவில்லை, எனக்கும் தெரியவில்லை. அதற்குள் மாமாவைப் பற்றி எழுதிவிட நினைக்கிறேன். பெட்டிகளைத் திறந்து பார்க்கிற யாருக்கும் அவர் யாரென்று தெரியாது. புத்தகங்களில் அவருடைய அடையாளம் எதுவும் கிடையாது. அப்படித்தான் அவர் வைத்திருந்தார்.

அவர் முழுப் பெயர் வில்ஃப்ரட் ஹெசல்டைன். அம்மாவுக்கு மூத்த அண்ணன். பிரிட்லிங்டனில், கடற்கரைக்குப் பின்தெருவில் இருந்த டிரை கிளீனிங் கடையில் பள்ளியை விட்ட வருஷம் சேர்ந்து, அந்தக் கடை மூடும்வரை அங்கேயே வேலை பார்த்தார். துணி வாங்குவதோ இஸ்திரி போடுவதோ அவர் வேலை இல்லை. கறை எடுப்பதுதான். சிவப்பு ஒயின், உதட்டுச் சாயம், கார் எண்ணெய், கடற்காகத்தின் எச்சம். கோடைக்காலத்தில் எங்கள் ஊருக்கு வருகிறவர்களின் தோளில் அந்தக் காகங்கள் செய்கிற வேலையாலேயே கடை ஓடியது என்று சொல்வார்.

கறையைக் கண்டால் அவரால் சும்மா இருக்க முடியாது. என் பெரியம்மா மகள் கல்யாணத்தில் பாதிரியாரிடம் வாழ்த்துப் பேசிக்கொண்டிருந்தவர், பேச்சை நிறுத்தி, பாதிரியாருடைய சட்டைக் கையைப் பிடித்துத் திருப்பி, "இது கிரேவி. இன்னும் காயல. உப்பு எங்க இருக்கு?" என்று கேட்டாராம். அம்மா அதை எத்தனையோ முறை சொல்லிச் சிரித்திருக்கிறாள். மாமாவும் சிரிப்பார். ஆனால் அந்தக் கறை போய்விட்டதா என்று யாராவது கேட்டால் மட்டும் முகம் நிமிரும். போய்விட்டது.

கல்யாணம் அவருக்கு ஆகவில்லை. ஒரு முறை ஆகிற மாதிரி இருந்தது. அந்தப் பெண் ஹல் நகரத்துக்கு வேலைக்குப் போனாள், அங்கேயே இருந்துவிட்டாள்.

புத்தகம் அவரிடம் வந்ததும் கடை வழியாகத்தான். யாரோ ஒரு கனத்த கம்பளிக் கோட்டைக் கொடுத்துவிட்டு வாங்க வரவே இல்லை. ஒரு வருஷம் பார்த்துவிட்டு அப்படிப்பட்ட துணிகளைக் கடை விற்றுவிடும். விற்பதற்கு முன் பைகளைத் துழாவியபோது உள்பையில் சாம்பல் நிற அட்டை போட்ட ஒரு மெல்லிய புத்தகம் இருந்தது. மாமாவுக்கு அப்போது இருபத்து மூன்றோ நாலோ வயது. புத்தகம் படிக்கிற பழக்கம் அவருக்கு அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. உள்ளே திறந்து பார்த்தவருக்கு ஒன்று விளங்கவில்லை. எழுத்துகள் கோணலாக நின்றன. ஒரு எழுத்து தலைகீழாக இருந்தது. ஒரு பக்கத்தின் ஓரத்தில் மை சிந்தியிருந்தது. துடைத்துப் பார்த்தார். அந்த மை மேலே சிந்தியதில்லை, அச்சிலேயே இருந்தது. கறையை அச்சடித்து வைத்திருந்தார்கள்.

அது என்னவென்று யார்க் நகரத்தில் பழைய புத்தகக் கடை வைத்திருந்த டெஸ்மண்ட் ஹேக்ஸ்பிதான் அவருக்குச் சொன்னார். நானூறு வருஷத்துக்கு முன் நாடகங்களை மட்டமான தாளில், அட்டைகூடப் போடாமல் அச்சடித்து விற்றார்கள். வாங்கியவர்கள் படித்துவிட்டுத் தூக்கி எறிந்தார்கள். பல நாடகங்களுக்கு உலகத்திலேயே ஒன்றிரண்டு பிரதிதான் மிச்சம். வெகுகாலம் கழித்து, நம் கொள்ளுத் தாத்தாக்களின் காலத்தில், ஒரு லண்டன் பதிப்பாளர் அந்த மிச்சப் பிரதிகளைத் தேடிப் போய், மேலே மெல்லிய தாளை வைத்து ஒவ்வொரு எழுத்தாகக் கையால் படியெடுத்து, கல்லில் ஏற்றி அச்சடித்தார். வளைந்த எழுத்து வளைந்தபடி, சிந்திய மை சிந்தியபடி. மூலத்தைப் பூச்சி அரித்திருந்தால் அந்த ஓட்டைக்குப் புள்ளிக்கோடு. இப்படி நாற்பது நாடகங்கள். நகல் பதிப்பு என்று பெயர். அவையும் இப்போது பழசாகிவிட்டன.

கோட்டுப் பையில் வந்த பிரதியின் முன் அட்டைக்குள் ஒரு சின்ன நீலச் சீட்டு ஒட்டியிருந்தது. 'பழைய நகர நாடக மன்றம்' என்றும், அதன் கீழ் 17 என்றும் போட்டிருந்தது. பழைய நகரம் என்பது எங்கள் ஊரில் கடலிலிருந்து தள்ளி இருக்கிற மேட்டுப் பகுதி. முதல் உலகப் போருக்கு முன் அங்கே ஒரு கூட்டம், வேறு யாரும் போடாத இந்தப் பழைய நாடகங்களைச் சர்ச் கூடத்தில் போட்டிருக்கிறது. ஒரு ரொட்டிக் கடைக்காரர், மருந்துக் கடைக்காரர், இரண்டு மூன்று ஆசிரியைகள், படகோட்டிகளின் தங்கைகள். வேறு பதிப்பு கிடைக்காததால் இந்த நகல்களையே கையில் வைத்து ஒத்திகை பார்த்தார்கள். போர் வந்தது, ஆண்கள் போனார்கள், மன்றம் கலைந்தது. நாற்பது புத்தகங்களும் யார் யார் வீட்டுக்கோ சிதறின.

மாமாவுக்கு நாடகம் பிடித்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். கிறிஸ்துமஸுக்குக் குழந்தைகளுக்குப் போடுகிற கூத்தைத் தவிர அவர் எதையும் பார்த்ததில்லை. "நாடகமே பார்க்காத மனுஷன் நாடகப் புஸ்தகமா சேர்க்கறான், மீன் தின்னாதவன் தூண்டில் சேர்க்கற மாதிரி" என்பாள் அம்மா. அவருக்கு இருந்த கேள்வி ஒன்றே ஒன்றுதான். பதினேழு இங்கே இருக்கிறது என்றால், பதினாறு எங்கே?

அதைத் தேடுவதில் அவர் வாழ்க்கை போனது. சனிக்கிழமைகளில் சர்ச் விற்பனைகள், செத்தவர் வீட்டு ஏலங்கள், விதர்ன்சி, டிரிஃபீல்ட், மால்டன் என்று பஸ் ஏறிப் போய்ப் பழைய சாமான் கடைகள். அதே நகல் பதிப்பு நீலச் சீட்டு இல்லாமல் கிடைத்தால் தொடக்கூட மாட்டார். அந்த மன்றத்தின் கையில் இருந்த அதே நாற்பதுதான் வேண்டும். சில வருஷம் ஒன்றும் கிடைக்காது. ஒரு வருஷம் மூன்று கிடைத்தது. ஹேக்ஸ்பி தன் கடைக்கு எது வந்தாலும் முதலில் அட்டையைத் திறந்து சீட்டு இருக்கிறதா என்று பார்ப்பார். இருந்தால் போன் வரும். அவர்கள் இருவரும் நண்பர்கள் என்று சொல்லலாமா தெரியவில்லை. இருவரும் சேர்ந்து உட்கார்ந்து ஒரு பியர் குடித்ததாகக்கூட நினைவில்லை. ஆனால் முப்பது வருஷத்துக்கு மேல் பேசிக்கொண்டிருந்தார்கள்.

வாங்கி வந்த புத்தகத்தை மாமா நேரே அலமாரியில் வைக்க மாட்டார். அது முதலில் சமையலறை மேசைக்குப் போகும். அங்கேதான் அவர் உண்மையில் சந்தோஷமாக இருந்தார். இரண்டு நாள் பழசான வெள்ளை ரொட்டியின் நடுப்பகுதியைப் பிய்த்து, உருண்டையாகப் பிசைந்து, தாளின் மேல் மெதுவாக உருட்டுவார். ரொட்டி கறுக்கும், தாள் வெளுக்கும். அதற்கும் போகாத பென்சில் கோட்டை மெத்தென்ற ரப்பரால் ஒரே திசையில் தேய்ப்பார். பழுப்புப் புள்ளிகளுக்கு ஒரு தண்ணீர் வைத்திருந்தார், அதில் என்ன கலந்தார் என்று எங்கள் யாருக்கும் சொல்லவில்லை. கடைசியில் தாளுக்கு லேசாக ஈரம் காட்டி, கடை மூடியபோது வாங்கி வந்த இரும்பு அழுத்தியில் வாரக்கணக்கில் வைப்பார். வெளியே எடுக்கும்போது தாள் இஸ்திரி போட்ட சட்டை மாதிரி இருக்கும். ஊதி மூடி வைப்பார். ஊதுவது முக்கியம். ரொட்டித் தூள் மடிப்பில் நின்றால் பூச்சி வரும்.

சின்ன வயதில் நான் அவரிடம் கேட்டிருக்கிறேன், மை சிந்தினதை மட்டும் ஏன் விட்டுவிடுகிறீர்கள் என்று.

"அது அசல்ல இருக்கற கறை கண்ணு. அது இருக்கணும். மத்ததெல்லாம் பின்னாடி வந்த அழுக்கு."

போன இலையுதிர் காலத்தில் அவர் மாடிப்படியில் விழுந்தார். ஆஸ்பத்திரியில் எல்லாச் சோதனையும் செய்துவிட்டு, இதயம் பாதிதான் வேலை செய்கிறது என்றார்கள். குளிர்காலத்தைத் தாண்டலாம், தாண்டாமலும் போகலாம். வீட்டுக்கு வந்தபோது அவருடைய கைகள் நடுங்கின. டீ கோப்பையைச் சாஸரோடு பிடித்தால் மணி அடிக்கிற மாதிரி சத்தம் வரும். கோப்பையை மட்டும் பிடிக்கப் பழகிக்கொண்டார்.

அப்போது முப்பத்தொன்பது சேர்ந்திருந்தது. இருபத்து மூன்றாவது மட்டும் இல்லை. சாவைப் பற்றி அவர் அதிகம் பேசவில்லை. அம்மாவிடம் பேசியது ஒரே ஒரு விஷயம்.

"மோரீன், இதெல்லாம் ஒண்ணாவே இருக்கணும்."

"எங்க வச்சுக்கறது வில்ஃப்? என் வீட்டு மாடியில ஈரம். கீழே இவளுக்கே கால் நீட்ட இடம் இல்ல."

"உன்கிட்ட வைக்கச் சொல்லல. எங்கயாவது. அந்த ஆளுங்ககிட்ட ஒண்ணா இருந்தது, பிரிஞ்சு போச்சு. நான் சேர்த்திருக்கேன். மறுபடி பிரியக் கூடாது. அவ்வளவுதான்."

அவர் யாரிடமும் எதுவும் கேட்கிற ஆள் இல்லை. அதனால் அம்மா என்னைப் பார்த்தாள். அடுத்த நாள் நான் மாவட்ட ஆவணக் காப்பகத்துக்கு எழுதினேன். பழைய நகர நாடக மன்றம் என்ற பெயரைப் பார்த்ததும் அங்கிருந்து உடனே பதில் வந்தது. அந்த மன்றத்தைப் பற்றித் தங்களிடம் ஒரு விளம்பரத் தாளும் ஒரு புகைப்படமும் மட்டுமே இருப்பதாகவும், புத்தகங்கள் பிழைத்திருக்கும் என்று நினைக்கவே இல்லை என்றும், நேரில் வந்து பார்க்கலாமா என்றும் கேட்டிருந்தார்கள். படித்துக் காட்டினேன். மாமா இன்னொரு முறை படிக்கச் சொன்னார்.

அதே வாரம் ஹேக்ஸ்பியிடமிருந்து போன் வந்தது. இருபத்து மூன்று கிடைத்துவிட்டது. லிங்கன் பக்கம் ஒரு வீட்டில் சமையல் புத்தகங்களுக்கு நடுவில் இருந்ததாம். நீலச் சீட்டு இருக்கிறது. ஆனால் உள்ளே முழுக்கக் கிறுக்கல் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார். அனுப்பு, நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார் மாமா. அன்று மாலை மீனும் சிப்ஸும் வாங்கி வரச் சொல்லி, பாதியாவது சாப்பிட்டார்.

மூன்று வாரம் கழித்துக் காப்பகத்திலிருந்து வந்த பெண்ணின் பெயர் ஜில்லியன் ஃபாசெட். நாற்பது வயது இருக்கும். மழைக் கோட்டைக் கழற்றுவதற்கு முன்பே கை கழுவ எங்கே போக வேண்டும் என்று கேட்டாள். அதிலேயே மாமாவுக்கு அவளைப் பிடித்துவிட்டது. அவர் டை கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அம்மா டீயும் இஞ்சி கேக்கும் வைத்துவிட்டு, இரண்டையும் புத்தகங்களுக்குத் தள்ளி வைத்திருப்பதாகத் தானே சொன்னாள்.

ஜில்லியன் முதல் புத்தகத்தை எடுத்தாள். நீலச் சீட்டைப் பார்த்ததும் அவள் முகம் மாறியது. ஒரு விரலை அதன் மேல் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தாள். பிறகு பக்கங்களைப் புரட்டினாள். அடுத்ததை எடுத்தாள். அதற்கடுத்ததை. போகப் போக வேகமாகப் புரட்டினாள். மாமா அதை ஆசை என்று நினைத்தார். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

"எல்லாமே ரொம்பச் சுத்தமா இருக்கே" என்றாள்.

"முப்பத்தொன்பதுலயும் தேடிப் பாருங்க. ஒரு பென்சில் கோடு கிடைக்காது."

"இதை வச்சுத்தானே அவங்க ஒத்திகை பார்த்தாங்க?"

"ஆமா, ஆமா. நான் வாங்கறப்ப நீங்க பார்த்திருக்கணும். அம்புக்குறி, அடிச்ச வரி, ஆளுங்க பேரு, இங்க நில்லு, அங்க போ. பக்கத்துக்குப் பக்கம். நல்ல புஸ்தகத்தைப் போய் இப்படிப் பண்ணியிருக்காங்களேன்னு இருக்கும்."

ஜில்லியன் பையிலிருந்து ஒரு சின்ன டார்ச்சை எடுத்து, பக்கத்தின் ஓரமாகச் சாய்த்துப் பிடித்தாள். பென்சில் போனாலும் அது அழுத்திய தடம் தாளில் நிற்கும், சாய்ந்த வெளிச்சத்தில் படித்துவிடலாம் என்று பிறகு எனக்குச் சொன்னாள். அப்போது கேட்டது வேறு.

"தடம்கூட இல்லையே, மிஸ்டர் ஹெசல்டைன்?"

"ஈரம் காட்டி அழுத்தி வச்சிருவேன். அப்படியே விட்டா கோடு போட்ட இடம் பள்ளமாத் தெரியும். அசிங்கமா இருக்கும்."

பெருமையோடு ஆரம்பித்த வாக்கியம் முடியும்போது அவர் குரல் இறங்கியிருந்தது. முப்பது நாற்பது வருஷம் துணியைப் பார்த்ததுமே, கறை போகுமா போகாதா என்று சொன்னவர் அவர். இப்போது அவள் முகத்தைப் பார்த்தார்.

அம்மாதான் கேட்டாள், என்ன விஷயம் என்று. ஜில்லியன் சுற்றி வளைக்கவில்லை. நல்ல பெண். இந்த நாற்பது நாடகங்களும் மூலத்திலிருந்தே நேராகப் படமெடுத்துக் கணினியில் வந்துவிட்டன, யார் வேண்டுமானாலும் வீட்டிலிருந்தே பார்க்கலாம். அதனால் நகல் பதிப்புகளை இப்போது எந்தக் காப்பகமும் வாங்குவதில்லை, அலமாரியில் இடமும் இல்லை. காப்பகம் தேடியது அந்த மன்றத்துக்காரர்கள் கையால் எழுதிய குறிப்புகளை. ரொட்டிக் கடைக்காரரும் ஆசிரியைகளும் அந்த நாடகங்களை எப்படிப் போட்டார்கள், எதை வெட்டினார்கள், யார் எந்த வேஷம். அது வேறு எங்கும் எழுதி வைக்கப்படவில்லை. இந்தப் பக்கங்களின் ஓரத்தில் மட்டும்தான் இருந்தது.

கேக்கை யாரும் தொட்டிருக்கவில்லை.

"எல்லாமே அழுக்குன்னுதான் நினைச்சேன்" என்றார் மாமா.

ஜில்லியன் கிளம்புவதற்கு முன் இருபத்து மூன்றைப் பற்றிக் கேட்டாள். அது இன்னும் வரவில்லை, வரப்போகிறது, முழுக்கக் கிறுக்கலாம் என்றேன் நான். அவள் மழைக் கோட்டின் ஒரு கையை மட்டும் போட்டுக்கொண்டு நின்றாள். அப்படி ஒன்றே ஒன்று குறிப்புகளோடு கிடைத்தாலும், அதைக் காட்டி மொத்தத்தையும் எடுத்துக்கொள்ள மேலதிகாரிகளிடம் பேசலாம் என்றாள். இது அவர்கள் வேலை செய்த புத்தகம், மற்றவை அவர்கள் வைத்திருந்த தொகுப்பு என்று வாதிடலாம். நாற்பதும் ஒரே பெயரில், ஒரே அலமாரியில் இருக்கும்.

மாமா எழுந்து நின்றார். விழுந்ததற்குப் பிறகு அவர் பிடிப்பு இல்லாமல் எழுந்ததை அன்றுதான் பார்த்தேன்.

உடனே ஹேக்ஸ்பிக்குப் போன் செய்தோம். மணி அடித்துக்கொண்டே இருந்தது. புதன்கிழமை அவர் கடையைச் சாத்திவிட்டு ஏலத்துக்குப் போய்விடுவார். கைபேசி வைத்துக்கொள்ளாதவர்.

மறுநாள் காலை நான் மாமா வீட்டுக்குப் போனபோது அவர் மேசையில் பழைய புத்தகங்களைப் பரப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எதையாவது நினைவுக்குக் கொண்டுவர முடியுமா என்று பார்க்கிறாராம். பென்சில் வாங்கி வரச் சொன்னார், வீட்டில் பென்சில் கிடையாது. வாங்கி வந்தேன். வெற்றுப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். தேய்க்கும்போது கோட்டைத்தான் பார்த்தேன், என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்கவில்லை என்றார். துணியில் கறை எடுக்கும்போது அது எந்த விருந்தில் பட்ட ஒயின் என்று கேட்போமா? மதியம்வரை உட்கார்ந்ததில் ஒன்றே ஒன்று வந்தது. ஒரு ராஜா சாகிற இடம். நீளமான பேச்சு. அதன் ஓரத்தில், 'டாம் இருமி முடிக்கட்டும்' என்று எழுதியிருந்தது.

"அன்னிக்கு விழுந்து விழுந்து சிரிச்சேன். ஒவ்வொரு தடவையும் அதே இடத்துல இருமுவான் போல, அந்த டாம். ராஜா செத்துக்கிட்டே காத்துக்கிட்டு இருக்கணும்."

"எந்தப் புத்தகத்துல மாமா?"

அவர் மேசை முழுக்கப் பார்த்தார். "தெரியலையே."

அப்போதுதான் ஹேக்ஸ்பி போன் செய்தார். அவருக்குக் காது மந்தம், அதனால் கத்திப் பேசுவார். நான் தள்ளி நின்றே எல்லாவற்றையும் கேட்டேன்.

"என்னப்பா, நேத்து நாலு தடவை அடிச்சிருக்கியாம்? பக்கத்துக் கடைக்காரன் சொன்னான். அவ்வளவு அவசரமா? போட்டாச்சு, போட்டாச்சு. நேத்துக் காலையிலயே தபால்ல போட்டுட்டேன்."

"டெஸ்மண்ட், அந்த உள்ளே இருக்கற கிறுக்கல்..."

"அதைப் பத்தி நீ கவலைப்படாதே. உன் கை நடுங்குதுன்னு மோரீன் சொன்னா. இனிமே உன்னால முடியுமா என்னன்னு நினைச்சேன். பார்த்தாத் தெரியும் உனக்கு. காசு கீசு பேசக் கூடாது, ஆமா."

மாமா ரிசீவரைப் பிடித்தபடி நின்றார். அந்தப் பக்கம் ஹேக்ஸ்பி வானிலையைப் பற்றி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். மாமா, சரி, சரி என்றார். வைத்தார். பிறகு புத்தகங்களை ஒவ்வொன்றாக எடுத்து, எண் வரிசைப்படி, அலமாரியில் திரும்ப அடுக்கினார். இருபத்து இரண்டுக்கும் இருபத்து நாலுக்கும் நடுவில் இருக்கிற இடைவெளியில் வழக்கமாக வைக்கிற மரத்துண்டை வைத்தார். ஒருவேளை ஹேக்ஸ்பி பாதிதான் துடைத்திருப்பார், ஒருவேளை அவருக்கு அவ்வளவு சுத்தமாக வராது என்று நான் மனதுக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன். மாமாவும் அதையே நினைத்திருப்பார். முப்பது வருஷமாக, ஒவ்வொரு புத்தகத்துக்கும் என்ன செய்தேன் என்று போனில் அவர் விவரமாகச் சொன்னது ஹேக்ஸ்பியிடம் மட்டும்தான். ரொட்டி எத்தனை நாள் பழசாக இருக்க வேண்டும் என்பது வரைக்கும்.

பார்சல் சனிக்கிழமை வந்தது. அம்மாவும் வந்திருந்தாள். தன் வாயால்தான் கை நடுக்கம் ஹேக்ஸ்பிக்குத் தெரிந்தது என்பதை நான் அவளிடம் சொல்லியிருந்தேன். சொல்லியிருக்க வேண்டாமோ என்று இப்போது தோன்றுகிறது. அவள் கோட்டைக்கூடக் கழற்றாமல் கதவருகிலேயே நின்றாள்.

மாமா கயிற்றை அறுக்காமல் முடிச்சை அவிழ்த்தார். நடுங்கிய கையோடு அதற்கு நேரம் பிடித்தது. நாங்கள் உதவிக்குப் போகவில்லை. சாம்பல் அட்டை, நீலச் சீட்டு, 23. முதல் பக்கம் வெள்ளை. அடுத்த பக்கம் வெள்ளை. டார்ச் எங்களிடமும் ஒன்று இருந்தது, மின்சாரம் போனால் எடுப்பது. நான் அதைச் சாய்த்துப் பிடித்தேன், ஜில்லியன் பிடித்த மாதிரி. அச்சின் எழுத்துகள் மட்டும் நின்றன. வளைந்த எழுத்து வளைந்தபடி. ஓரங்கள் எல்லாம் சமமாக, மழுமழுவென்று இருந்தன. கடைசிப் பக்கம்வரை பார்த்தோம்.

"அழுத்தியில வச்சிருக்கான்" என்றார் மாமா. "சொன்ன மாதிரியே செஞ்சிருக்கான்."

அம்மா சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

கொஞ்ச நேரத்தில் ஹேக்ஸ்பியின் போன் வந்தது, வந்து சேர்ந்ததா என்று கேட்டு. மாமா எடுத்தார். வந்தது என்றார். எப்படி இருக்கிறது என்று அந்தப் பக்கம் கத்தியது எங்களுக்குக் கேட்டது. அந்தக் குரலில் பரிசு கொடுத்தவனின் சந்தோஷம் இருந்தது.

"ரொம்ப நல்லாப் பண்ணியிருக்கே, டெஸ்மண்ட். என்னாலகூட இவ்வளவு முடியாது. நன்றி."

ரிசீவரை வைத்ததும் அம்மா கேட்டாள், ஏன் அவனிடம் சொல்லவில்லை என்று.

"சொல்லி?"

நான் ஜில்லியனுக்கு எழுதினேன். வருத்தப்பட்டுப் பதில் எழுதினாள். டாம் இருமியதைப் பற்றிய வரியைக் காப்பகத்துக் குறிப்பில் சேர்த்துக்கொண்டதாகவும், எந்த நாடகம் என்று தெரியாததால் அதை எங்கே வைப்பது என்று புரியவில்லை என்றும் சொல்லியிருந்தாள். புத்தகங்களைப் பற்றி அவள் ஒன்றும் சொல்லவில்லை, நாங்களும் மறுபடி கேட்கவில்லை. வேறு இரண்டு நூலகங்களுக்கும் எழுதிப் பார்த்தேன். அவற்றின் பதில் ஒரே மாதிரி இருந்தது. பிப்ரவரியில் மாமா தூக்கத்தில் போய்விட்டார்.

அந்தச் சனிக்கிழமையைத்தான் நான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். அம்மா டீ போடப் போயிருந்தாள். மாமா அலமாரியிலிருந்து மரத்துண்டை எடுத்து என் கையில் கொடுத்தார். இருபத்து மூன்றை அந்த இடத்தில் வைக்கப் போனவர், ஏதோ நினைத்துக்கொண்டு மறுபடி திறந்தார். நடு மடிப்பில், தையல் நூலை ஒட்டி, ஒரு சின்ன ரொட்டித் துணுக்கு இருந்தது. கறுத்துப் போயிருந்தது. அந்த மன்றத்துக்காரர்களின் பென்சில் எழுத்தில் மிச்சம் ஏதாவது இருந்திருந்தால், அது அந்தத் துணுக்கில்தான்.

மாமா அதை நகத்தால் மெதுவாக எடுத்தார். கொஞ்ச நேரம் விரல் நுனியில் வைத்துப் பார்த்தார். விரலைத் தன் சட்டையில் துடைத்துக்கொண்டு, பக்கத்தை ஊதி மூடினார்.

"கடைசியில ஊத மறந்துட்டான்" என்றார்.